பத்தி ஒன்பது

மூக்கையூரில் ஒதுங்கிய உடல். மூன்றாம் நாள்.
உதட்டை நண்டு எடுத்துக்கொண்டிருந்தது.
கழுத்தில் உத்தரியம் அப்படியே இருந்ததால்
பெயர் சீக்கிரம் கிடைத்தது: சந்தியாகு, வயது முப்பத்தெட்டு.

நெஞ்செலும்பில் ஒரு துண்டு எடுத்து வைத்தேன்.
காவலர் சேதுமாணிக்கம்
ஒதுங்கின இடத்துக் கடலை
ஆரஞ்சு கலர் பாட்டிலில் பிடித்துவந்தார்.
"நல்லாக் கழுவிட்டுத்தான் மேடம் பிடிச்சேன்."
எதில் கழுவினீர்கள் என்று கேட்டேன்.
"பைப்புத் தண்ணியில."
சுத்தமான ஜாடி கொடுத்துத் திரும்ப அனுப்பினேன்.
எழுபது கிலோமீட்டர். வாடைக்காற்று. அவர் பைக்.

மூச்சுள்ளவன் விழுந்தால்
கடல் அவன் நுரையீரலைக் கிழித்துக்கொண்டு
ரத்தத்தில் ஏறி எலும்பின் மஜ்ஜைவரை நடக்கும்.
கண்ணுக்குத் தெரியாத பாசிகள்,
கண்ணாடி ஓடு போர்த்தியவை,
அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.
செத்தவனுக்குள் கடல் அவ்வளவு தூரம் போகாது.
உள்ளே அழைத்துப் போக ஓர் இதயம் அடிக்க வேண்டும்.

நாற்பது நாள் கழித்து மதுரையிலிருந்து தாள் வந்தது.
எலும்பிலும் ஜாடியிலும் ஒரே பாசி.
உயிரோடுதான் இறங்கியிருக்கிறான்.
வழுக்கினானா, குதித்தானா, தள்ளினார்களா?
மஜ்ஜைக்குத் தன்வினை பிறவினை தெரியாது.

அதற்குத்தான் ஜமீலாவைக் கூப்பிட்டோம்.
கீழக்கரைக்காரி, மனநலப் பிரிவு.
இறந்தவன் மனதை அறுத்துப் பார்க்க
அவளிடம் கத்தி கிடையாது.
தூங்கினாரா, கடனை அவசரமாக அடைத்தாரா,
யாருக்காவது வலையைக் கொடுத்துவிட்டாரா
என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
முதல் நாள்தான் எண்பத்துநாலு நாளைக்கு
போன் ரீசார்ஜ் செய்திருக்கிறான்.
"அப்போ தற்கொலை இல்ல," என்றார் காவலர்.
"ரீசார்ஜ் பண்ணிட்டும் இறங்கியிருக்காங்க,"
என்றாள் ஜமீலா, தலை நிமிராமல்.

ரெஜினாளை உள்ளே வரச் சொன்னபோது
மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை
ஜமீலா எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தாள்.
டீ வரவழைத்தாள்.
அது எந்தப் பாடத்தில் வருகிறது என்று
நான் இன்னும் கேட்கவில்லை.

ரெஜினாள் பாசியைப் பற்றிக் கேட்கவில்லை.
பணம், படகு, கேஸ், எதையும் கேட்கவில்லை.
முந்தானையைச் சுருட்டி, விரித்து, சுருட்டி,
"அவுக சாப்ட்ருந்தாகளா?" என்றாள்.
"நாந்தான் அன்னைக்கிச் சோத்துப் பானைய
முத்தத்துல கவுத்துட்டேன்.
ஒண்ணும் பேசாமப் போனாக."

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது.
அறிக்கையில் ஒன்பதாம் பத்தி: இரைப்பை.
முக்கால்வாசி நிறைந்தது. உருத்தெரியும் சோற்றுப்பருக்கை.
இறப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்குள் உண்டது.
விசாரணை முடியும்வரை சொல்லக் கூடாததுதான்.
ஜமீலா என்னைப் பார்த்தாள்,
வேண்டாம் என்றா, சொல் என்றா, அந்தப் பார்வை
எந்தப் பக்கமும் சாயவில்லை.

"சாப்பிட்டிருந்தார்மா. வயிறு நிறைய."
அவள் தோள் இறங்கியது.
நாற்பது நாள் மூச்சை ஒரே தடவையில் விட்டாள்.
அங்கே நிறுத்தியிருக்கலாம்.
"மாங்காய் போட்ட மீன் குழம்பு," என்றேன்.

விசிறி சுற்றுவது கேட்டது.

"நான் மாங்கா போடுறதில்ல," என்றாள்.
டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.
"அவுகளுக்குப் பிடிக்கும்.
நாந்தான் போடுறதில்ல."

சேதுமாணிக்கத்தின் பேனா மூடி
டிக்கென்று திறந்தது.
ஜமீலா நாற்காலியை நகர்த்தி
அவருக்கும் அவளுக்கும் நடுவே உட்கார்ந்தாள்.

ஆறுதல் என்று கொடுத்தது
கை மாறுவதற்குள் சாட்சியமாகிவிட்டது.
எந்த வீடு, எந்த அடுப்பு,
அந்த இரவில் யார் பரிமாறினார்கள்,
இனி அந்த ஊரில் கதவு கதவாகத் தட்டுவார்கள்.

ரெஜினாள் எழுந்தாள். வாசலில் நின்றாள்.
"புளிப்பு சரியா இருந்துச்சாமா?"

அதற்குப் பத்தி இல்லை.
கடல்நீர் ஜாடி இன்னும் என் அலமாரியில்,
அரக்கு முத்திரையோடு, வழக்கு எண்ணோடு.
அடியில் கொஞ்சம் மணல்.
யார் கதவைச் சாத்தினாலும்
ஒருமுறை கலங்கித் தெளிகிறது.