ஊதா மை

நகரசபை தந்த முத்திரை வட்டம்.
தொடைச் சப்பையில் ஒரு குத்து, தோளில் ஒரு குத்து,
நாளுக்கு ஏழெட்டு உருப்படி.
நகக்கணுவில் ஏறிய ஊதா
ஞாயிற்றுக்கிழமைச் சோற்றிலும் தெரியும்.

விடிய நாலரை. மட்டிக்களிக்கு அப்பால் மடுவம்.
உதுமாலெப்பை லாம்பைத் தூக்கிப் பிடிப்பான்,
நான் ஈரலைக் கீறுவேன்.
புழு இருந்தால் ஒரு சொல், இல்லாவிட்டால் ஒரு குத்து.
எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

ஆறு மணிக்கு மீன் சந்தை.
செவுளைத் தூக்கு. கண்ணை அமத்து.
முதுகில் விட்ட விரலின் குழி திரும்ப நிரம்புகிறதா பார்.
இன்றைய சூரைக்குக் கீழே நேற்றைய சூரையை அடுக்கிய எமிலியானா
நான் பினாயிலை ஊற்றும்போது மண் வாரி எறிந்தாள்:
"கழுதைக்கு ஊசி போட்டவனுக்கு
மீனைப் பற்றி என்னடா தெரியும்?"

டொக்யாட் றோட்டில்
ஆட்டுக்கறி என்று கோட்டை மானைப் பரிமாறியவனை
ஒரு முழங்கால் எலும்பால் பிடித்தேன்.
அவன் நீட்டிய பத்து ரூபாய்த் தாளை
அத்தாட்சியாகக் கோப்பில் குத்திவைத்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கும், யாரும் எடுக்காவிட்டால்.

எமிலியானா சொன்னதில் இரண்டு பிழை.
அவை கோவேறு கழுதைகள்.
ஊசி மட்டும் அல்ல.

நாற்பத்து மூன்று, சீனக்குடா.
மதராசில் படித்து வாங்கிய காகிதத்துக்குப்
பட்டாளம் தோளில் இரண்டு நட்சத்திரம் வைத்தது.
பர்மாவுக்குக் கப்பலேறப் போகிறவை
காட்டில் கனைத்தால் எதிரிக்குக் கேட்கும்.
ஆகவே குரல்நாணை எடுக்க வேண்டும்.
தார்ப்பாய், குளோரோபோம் துணி,
தொண்டையில் மூன்று விரல் நீளக் கீறல்,
கொக்கி, கத்தரி, தையல்.
மத்தியானத்துக்குள் பதினாறு.
மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்ற கப்டன் ஹார்ட்லி
"நல்ல கை" என்றார்.
நல்ல கைதான். ஒன்றும் சாகவில்லை.

மயக்கம் தெளிந்து எழும்பியவை
கழுத்தை நீட்டின, வாயைப் பிளந்தன,
விலா உப்பியது,
காற்று மட்டும் வந்தது.
துருத்தி போல என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன்.
துருத்தி இல்லை. வேறு எதுவும் இல்லை.
மூன்றாம் நாள் அவை முயல்வதை விட்டன.
அந்த நாளைத்தான் அறிக்கையில்
"குணமடைந்தன" என்று பதிந்தேன்.

யுத்தம் முடிய,
உயிரோடு வைத்திருக்கப் படித்தவனுக்குச்
செத்ததைச் சோதிக்கிற வேலை கிடைத்தது.
சம்பளம் பரவாயில்லை. சைக்கிளுக்குத் தனிப்படி.

ஐம்பத்தொன்றில், மாரி பிடித்த ஒரு விடியலில்
தம்பலகாமத்திலிருந்து ஒரு சிவலை எருது.
சூடு நூற்றொன்றரை. முரசு சிவப்பு. மூக்கில் ஈரம்.
நொண்டல் இல்லை, சொறி இல்லை.
கயிறு இறுக, வாயைத் திறந்தது.
சத்தம் வரவில்லை.

வழியெல்லாம் கத்தித் தொண்டை கட்டியிருக்கும்.
எந்த மாட்டு வைத்தியனுக்கும் அது தெரியும்,
எனக்கும் தெரியும்.
"ஏலாது" என்றேன்.

"என்ன நோய் ஐயா?"

படிவத்தில் காரணத்துக்கு ஒரு விரற்கடை இடம்.
மழைத்துளி விழுந்து கோடு கரையும்வரை
பேனையைப் பிடித்தபடி நின்றேன்.
பிறகு "மேலும் அவதானிக்க" என்று எழுதினேன்.
பட்டாளத்தில் படித்த தமிழ் அது.

உதுமாலெப்பை மாட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
பெருநாளுக்கு மூன்று நாள்.
கடன் வாங்கிய நூற்றுப்பத்து ரூபாய்
கயிற்றின் மறுமுனையில் நனைந்துகொண்டு நின்றது.
ஒன்றும் பேசாமல் அவிழ்த்துக்கொண்டு போனான்.

பெருநாள் கழிந்து வந்தவன்
லாம்பைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னான்.
அடுத்த நாளே பாதையில் ஏற்றிக்
கிண்ணியாவில் விற்றுவிட்டானாம்.
என் மை அங்கே செல்லாது.
இறைச்சி நல்ல பதமாம்.

"ஏத்தேக்க கத்தினது ஐயா,
துறையடி முழுக்கக் கேட்டது."

ஈரலைக் கீறினேன்.
புழு இல்லை.
குத்தினேன்.