நாற்பத்தொன்றாம் பக்கம்

முன்பும் வந்திருக்கிறாள் எங்கள் பம்ப் ஆலைக்கு,
கோபன்ஹேகனிலிருந்து, திங்கள்தோறும்,
சக்கரம் வைத்த சின்னப் பெட்டியோடு.
வியாழன் நாலு மணிக்கு
வாசலில் டாக்ஸி உறுமும்.
முற்றத்துக் கல் ஒவ்வொன்றும்
அந்தச் சக்கரத்துக்குத் தெரியும்.
எங்கள் பெயர்கள்தான் தெரியாது அவளுக்கு.

பதினொரு வாரம், எண்பத்தாறு பக்கம்.
நாற்பத்தொன்றில், சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு வரி:
வார்ப்படப் பிரிவை மூடலாம்.
அந்த 'லாம்' இருக்கிறதே,
அதற்குத்தான் அத்தனை பணமும்.
மூடு என்றால் சண்டை.
மூடுகிறேன் என்றால் பழி.
லாம் என்றால் ரசீது.

யாரும் மூடவில்லை.
காபி வடிதாள் பெட்டிக்கு அடியில்
மூன்று குளிர்காலம் கிடந்தது அறிக்கை.

பிறகு ஆலைத் தலைவர் வேலைக்கு
அவளே மனுப் போட்டாள். சிட்செல் ஓவர்கோர்.
மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவர்.
உலைக்காரர்களின் பிரதிநிதி ப்ரேபன் கேட்டான்:
"நீங்கள் சொன்னதில் எது தப்பாய்ப் போனது?"
சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
இருபத்திரண்டு நொடி.
"தெரியாது," என்றாள்.
"தெரிய வருவதற்குள் கிளம்பியிருப்பேன்."

மற்ற நால்வரும்
தோல்வியைக்கூடச் சலவை செய்து
மடித்து எடுத்து வந்திருந்தார்கள்.
என் வாக்கு அவளுக்கு. ப்ரேபன் எதிர்த்தான்.
யார் சரி என்று இன்றுவரை எங்களுக்குள் தீரவில்லை.

முதல் வியாழன், நாலு மணி.
அவள் கை தானாகக் கோட்டைத் தேடியது.
வாசலில் டாக்ஸி இல்லை.
கடற்கழிக் காற்றில் சைக்கிள் கொட்டகைத் தகரம்
அடித்துக்கொண்டிருந்தது.
அன்று பார்த்து இரண்டாம் உலையின் உள்பூச்சு
விரிசல் விட்டது.
தலைக்குப் பெரிதான இரவல் தொப்பியில்
இரவு ஒன்பது வரை அங்கேயே நின்றாள்.
ஒரு பயனும் இல்லை. ஆனால் நின்றாள்.

மார்ச்சில் அறிக்கையைக் கேட்டாள்.
காபிக் கறையோடு எடுத்துக் கொடுத்தேன்.
திரும்பி வந்தபோது நாற்பத்தொன்றின் ஓரத்தில்
பென்சிலில் இரண்டே சொல்:
யார் மூடுவது?

பதினான்கு மாதம் கழித்து
இரண்டாம் உலையை மட்டும் மூடினாள்.
ஆறு பேர்.
ஒவ்வொருவராய் அறைக்கு அழைத்து,
நானும் சாட்சிக்கு உட்கார்ந்திருக்க,
"உங்களை வேலையிலிருந்து நிறுத்துகிறேன். நான்தான்" என்றாள்.
எழுவாய் உள்ள வாக்கியம் ஒன்றை
அவள் வாயில் முதன்முதலாய்க் கேட்டேன்.
ஒருவனின் குடும்பப் பெயர் மறந்துபோய்
அவனிடமே கேட்டாள். அவன் எழுத்துக் கூட்டிச் சொன்னான்.

மறுநாள் வெள்ளி. உணவுக்கூட வரிசை.
கறுப்பு ரொட்டி, ஊறவைத்த ஹெர்ரிங்.
அந்த ஆறு பேருக்குப் பின்னால்
தட்டோடு நின்றாள்.
யாரும் விலகி வழிவிடவில்லை.
போ என்றும் சொல்லவில்லை.
ப்ரேபன் மட்டும் கடுகுப் புட்டியைப்
பின்பக்கமாக நீட்டினான்,
திரும்பிப் பார்க்காமல்.