இரு மாதக் கணக்கு

கன்னிகாபுரத்தில் எனக்கு நானூற்றுப் பதினாறு மீட்டர்கள்.
நூற்றுத் தொண்ணூற்றொன்றாவது தேசம்மா வீடு.
பெட்டியின் கம்பியில்தான் ஆட்டைக் கட்டுவாள்.
அதைத் தாண்டாமல் எண்ணைப் பார்க்க முடியாது.

டிசம்பரில் அது பூனையளவு.
தாய், பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தில் போய்விட்டதாம்.
முட்டிக்கிடையில் இடுக்கிக்கொண்டு
பால் புட்டியைத் திணித்தபடி கேட்டாள்:
"இன்னா சார், யூனிட்டு ஏறிக்கீதா?"
நூற்றிரண்டு.
அந்த இரண்டுக்காகக் கொஞ்ச நேரம் என்னைத் திட்டினாள்.

பிப்ரவரியில் என் வெள்ளை அட்டையைத் தின்றது.
ஆறு வருடத்து எண்கள், என் கையெழுத்தோடு.
நான் பிடுங்கியபோது ஓர் ஓரம்தான் மிச்சம்.
"போஸ்டர் துன்னு வளந்தது சார்,
எழுத்தக் கண்டா வுடாது" என்றாள்.
அன்றைக்குத்தான் அதற்குப் பேர் வைத்தாள்:
ஈபி.
மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

ஏப்ரலில், "டேய் ஈபி" என்ற குரலுக்கு
இருவரும் திரும்பினோம்.
யூனிட் நூற்று நாற்பது.
அவள் மகன் தணிகா அதோடுதான் படுக்கிறானாம்.
புழுக்கத்தில் அது கத்துகிறது என்று
ராத்திரி முழுக்க ஃபேன்.

ஜூனில் அது என் தொடையில் முட்டியது.
கொம்படியைச் சொறிந்துகொடுத்தேன்.
வெயிலில் கிடந்த கூழாங்கல்போல் சூடு,
அதனடியில் ஏதோ துடித்தது.
அந்த வார ஞாயிற்றுக்கிழமையும்
வரிசையில் நின்று, நெஞ்செலும்பு கலந்து
அரைக் கிலோ வாங்கினேன்.
ஒன்றும் தோன்றவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?
கொக்கியில் தொங்கியதற்கு முகம் கிடையாது.
தலை தனி விலை.

ஆகஸ்டில் கம்பியில் கயிறு மட்டும்.
முதல்முறையாக மீட்டருக்கு நேரே நின்றேன்.
தொண்ணூற்றாறு.
நூறுக்குள் வந்துவிட்டது, கட்ட வேண்டியதில்லை என்றேன்.
அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஆடிக்கு வுட்டது சார்.
ஆத்தா போன அன்னிக்கே நேந்துகினேன்,
குட்டி பொழச்சா உனக்குத்தான்னு."

நீங்கள் சாப்பிட்டீர்களா என்று
எதற்குக் கேட்டேனோ.

"பின்ன? வேற யாரு துன்றது?
கடைக்கறி நான் தொட மாட்டேன்.
எங்க படுத்துச்சு, இன்னா துன்னுச்சு,
யாரு கண்டா?
இது என் கையால பாலு குடிச்சது.
அழுதுகினேதான் துன்னேன்.
உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

உள்ளே தணிகா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.
நாலு நாளாகத் தயிர் சோறு.
"அவன் துன்னல. நானும் இன்னான்னு கேக்கல."
கதவைக் கொஞ்சம் சாத்தினாள்.

பிறகு கொடியிலிருந்து உருவி
ஒரு பிடி உப்புக்கண்டம்,
கிழிந்த போஸ்டர் தாளில் பொட்டலம் கட்டி நீட்டினாள்.
"உன் பேருதான வச்சேன். உனுக்கும் பங்கு கீது."

வாங்காமல் வந்திருக்கலாம்.
ரீடிங் கருவிக்குப் பக்கத்தில்
பைக்குள் அது உரசிக்கொண்டே வந்தது.
இன்னும் இருநூற்றிருபத்தைந்து வீடுகள் பாக்கி.
ஒரு வீட்டில் எண்ணை மாற்றிப் பதிந்துவிட்டேன்,
எந்த வீடு என்று தெரியாது.

பொட்டலம் சமையலறைப் பரண்மேல் இருக்கிறது.
வறுக்கட்டுமா என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.
அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது.
"அரைக் கிலோதானே சார்?"
இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்,
பதினெட்டு வருடத்தில் முதல்முறை.
கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.
"லாரில."

எனக்குப் பின்னால் நின்றவர் கூடையை மாற்றிப் பிடித்தார்.

கால் கிலோ என்றேன்.