பத்து நொடி

"பூனை துரத்திய நாய் வேலியைத் தாண்டியது.
தாண்டியது எது?"

நிக்கானோருக்குப் பன்னிரண்டு வயது.
வாய் திறந்தது. மூடியது.
பத்தாவது நொடியில் கடிகாரத்தை நிறுத்தினேன்,
விதிப்படி.
கட்டத்தில் பூஜ்யம். அழியாத மையில்.

புந்தா அரேனாஸில் அன்று
ஆளைச் சாய்க்கிற காற்று.
தெருவோரம் நகராட்சி கட்டிவைத்த கயிற்றில்
கை மாற்றிக் கை மாற்றி
அம்மாவின் பின்னால் போனான்.

அடுத்த பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.
சன்னலில் தட்டும் சத்தம்.
தலையெல்லாம் மணல். மூச்சிரைக்க,
"நாய்" என்றான்.
பிறகு என் முகத்தையே பார்த்து,
"பூனை
ரொம்பப் பெரிசு போல."

தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

எழுந்து போய்க் கதவைத் திறக்க
எனக்கு எத்தனை நொடி ஆனதென்று
யாரும் எண்ணவில்லை.