இனம் என்ற கட்டம்

உரும்பிராய்ச் செம்மண்ணில் ஒரு தாய்க்கொடி.
அதன் ஒரே கிளையில் வெட்டிய ஆறு தடிகள்
ஈரச்சாக்கில் சுற்றுண்டு, இரவு பஸ்ஸில்
என் மடியில் படுத்தபடி மட்டக்களப்புக்கு வந்தன.
மூன்றைக் களுதாவளைக் கடல்மணலில் ஊன்றினார் குணநாயகம்,
வெற்றிலைக் கொடிக்கு விட்ட கிணற்றுநீரையே அதற்கும் விட்டார்.
மூன்றை வாவிக்கு அங்கால், மண்டூரில்,
வயலோரக் களியில் வைத்தாள் தேவமலர்.

நடுவில் பாதை ஓடுகிறது.
எங்களுக்குப் பாதை என்றால் ரோட்டு இல்லை.
மோட்டார்சைக்கிளையும் ஆட்டுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டு
தண்ணீரில் மிதப்பது.
எழுவான்கரை விட்டுப் படுவான்கரை போகக்
கால்மணி நேரம்.

ஆடி மாதம். கச்சான்.
ஈரத்தையெல்லாம் மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு
வெறுங்கையோடு வருகிற காற்று
பகல் முழுக்க மண்டூர் இலைகளை அறைகிறது.
இருட்டியதும் களி மெல்லக் குளிர்கிறது,
நாய்கள் சுருண்டு படுக்கின்றன.
களுதாவளையிலோ கடல்
பகலின் சூட்டைப் போர்வைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு
விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாய்த் தருகிறது.

பழமும் இரவில் மூச்சு விடுகிறது.
புழுங்கும் இரவில் அது பெருமூச்சு.
கோழி கூவுமுன் தன் புளிப்பைத்
தானே எரித்துத் தீர்த்துவிடுகிறது.
கறுக்கவேண்டிய தோல்
சிவப்போடு நின்றுகொள்கிறது.

கண்ணாடியில் ஒரு துளி பிழிந்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
களுதாவளை: நீலக்கோடு பதினேழரையில்.
குணநாயகம் ஒன்றை வாயில் போட்டார்.
"சீனிதான் பிள்ளை. ஆனா
வாய்க்குள்ள ஒண்டும் நிக்கல்ல."
மண்டூர்: பதினாலரை.
மைபோல் கறுத்த தோல்; என் விரல் இரண்டு நாள் ஊதாவாயிருந்தது.
தேவமலர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:
"புளிக்குது. புளிச்சாலும்
மறுகா ஒண்டு தின்னச் சொல்லுது."

கொழும்பு வைன் கம்பனியின் படிவத்தில்
இனம் என்று ஒரு கட்டம்.
நிறை. இனிப்பு. கையொப்பம்.
ஓர் இனத்துக்கு ஒரு வரி.
கரைக்கு இடமில்லை. காற்றுக்கு இல்லை.
மணலுக்கடியில் உவர்க்கும் கிணற்றுக்கு,
இரவுக்கு,
இல்லை.

ரம்சீன் போனில் சொன்னார்:
"ஒரே இனம்தானே, சராசரியைப் போட்டு அனுப்புங்க."
சராசரி பதினாறு.
இரு கரையிலும் பதினாறில் ஒரு குலையும் இல்லை.
அது வாவியின் நடுவில்தான்
காய்த்திருக்க வேண்டும்,
கண்டல்வேரும் நண்டும் சாட்சியாக.

சென்றியில் நிறுத்திய காலத்துப் பதிவேட்டிலும்
இதே சொல்தான், இதே அளவுக் கட்டம்.
ஒரே எழுத்தில் நிரப்பி நிரப்பிக்
கை பழகிப்போனது எனக்கு.
எந்தக் கிணற்றில் குடித்தாய்,
எந்தக் காற்றில் காய்ந்தாய் என்று
அன்றும் ஒருவர் கேட்கவில்லை.

இனம்: இஸ்ரேல் புளூ, என்று எழுதினேன்.
இனிப்பு என்ற கட்டத்தில்
பேனை போகாமல் நின்றது.
படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
கடைசிப் பாதையில் ஏறினேன்.

பையில் இரண்டு கரைக் குலைகளும்
ஒன்றின்மேல் ஒன்று நசிந்து கிடந்தன.
கயிறு அவிழ்த்த பொடியன் கேட்காமலே
ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டான்.
கொட்டையைத் தண்ணீரில் துப்பிவிட்டு,
"இது எந்தக் கரை?" என்றான்.

நான் சொல்லுமுன்
இன்னொன்றை எடுத்தான்.