காந்தல்

நுங்கம்பாக்கத்தில் ஒரு கடை:
உருளைக்கிழங்கு ஆம்லெட்டை
நுரையாக்கி
மதுக்கிண்ணத்தில் தருகிறார்கள்.
கரண்டிக்கு நானூறு ரூபாய்.
பசி அப்படியே இருந்தது.

பெசன்ட் நகர் மாடிக்கடையில்
ஸ்பெயின்காரர் யாரும் இல்லை.
காசிமேட்டு ஜெர்வின்
விடியலில் ஏலமெடுத்த கணவாயை
அகன்ற இரும்புத் தட்டில்
குங்குமப்பூச் சோறோடு வேகவிடுகிறான்.
கிளறவே மாட்டான்.

பக்கத்து மேசைக்காரர்
அடிப்பிடித்திருக்கிறது என்று
திருப்பி அனுப்பினார்.
வலென்சியாவில் அந்த அடிக்குத்தான்
அண்ணன் தம்பிக்குள் கரண்டிச்சண்டை.
ஜெர்வின் அதைச் சொல்லவில்லை.
வேறு தட்டு கொடுத்தான்.

கடை சாத்தும் நேரம்.
பில்லுக்குக் காத்திருந்தேன்.
உள்ளே
தோசைத்திருப்பியால்
சுரண்டும் சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
ஒரு வாய் எனக்கும் நீட்டினான்.

அடையாறு வரை
பல்லிடுக்கில்
ஒரு பருக்கை.