ஜன்னல் பக்கம் போகும் வண்டி

என் அடுக்களையின் அகலம் இரண்டு எட்டு.
மூன்றாவது எட்டு வைத்தால் அடுப்பு சுடும்.
டார்ட்டு நகரின் கார்லோவா மரவீடுகளில்
இதைவிடப் பெரிதாய்க் கேட்டவர்கள்
வாடகையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பதினோரு மாதம்
சலவை இயந்திரத்தின் தலைமேல் பலகை போட்டு
வெங்காயம் நறுக்கினேன்.
அது சுழலத் தொடங்கினால்
கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பேன்,
தேசிய கீதம் முடியட்டும் என்பதுபோல.

நவம்பர் சம்பளத்தோடு கடைக்குப் போனேன்.
ஏழு வண்டிகள்.
வெள்ளைச் சாயம் பூசியதுதான் முதலில் சிரித்தது;
குனிந்து அடியில் பார்த்தேன்,
பூசாத இடத்தில் மரத்தூளும் பசையும்.
அகேசியா அழகு. விலைச்சீட்டை
மெல்லத் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்தேன்.
இன்னொன்றின் மேல்தட்டு எஃகு.
ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில்
நாளெல்லாம் எஃகைத்தான் துடைக்கிறேன்,
வீட்டிலுமா?

மூலையில் ஒரு பிர்ச் நின்றது.
விரல்முட்டியால் தட்டினேன்,
உள்ளே யாரோ இருப்பதுபோல் ஒலித்தது.
இழுப்பறையை முழுதாக உருவிப் பார்த்தேன்:
ஆணி இல்லை, பல்லோடு பல் கோத்திருந்தது.
கைப்பிடியில் என் எடை முழுவதையும் போட்டேன்.
விற்பனைப் பையன் ரெய்ன் ஓடி வந்தான்.
"அது உட்காருவதற்கு இல்லை."
"உட்காரவில்லை. பூசணியைத் தட்டாமலா வாங்குவாய்?"
அவன் பூசணியே வாங்கியதில்லையாம்.

சக்கரம் நான்கு. தடுப்பு இரண்டில் மட்டும்.
கவனித்தேன். கவனித்தும் வாங்கினேன்.
என் இரண்டு கணவர்களையும்
அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

எண்ணெய்க்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டும்.
சூரியகாந்தி எண்ணெய் ஆகாது, காறல் வாடை ஏறிவிடும்.
மலச்சிக்கலுக்கு விற்கிறார்களே,
நிறமும் மணமும் இல்லாத அதே கனிம எண்ணெய்.
இரண்டு புட்டி கேட்டேன்.
கடைக்காரி பரிவோடு பார்த்தாள்.
"மரத்துக்கு" என்றேன்.
இன்னும் பரிவோடு பார்த்தாள்.

முதல் வாரம் தினமும்,
முதல் மாதம் வாரம் ஒருமுறை,
அப்புறம் மாதம் பிறந்தால் ஒருமுறை,
இழை ஓடும் திசையில், வெதுவெதுப்பாக.
குடிக்கிற வரை குடிக்கட்டும், மிச்சத்தைத் துடைத்துவிடு.
தண்ணீர் தேங்க விடாதே.
பீட்ரூட் நறுக்கினால் உடனே உப்பு, பாதி எலுமிச்சை.
நான் ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டே மறந்தேன்;
ஆட்டுக்கால் குளம்பு அளவில் ஒரு சிவப்பு
இன்னும் இருக்கிறது.

ஜனவரியில் வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே சூடு, காற்றில் சொட்டு ஈரமில்லை.
ஓர் இரவு "டிக்" என்றது.
காலையில் பார்த்தால் முடியளவு விரிசல்.
அன்றிலிருந்து ஹீட்டர்மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறேன்;
என் உதடு வெடிப்பதும் நின்றுவிட்டது.

பிப்ரவரியில் ஆர்வோ கதவைத் தட்டினார்.
கீழ்வீடு. விடியற்காலைப் பேருந்து ஓட்டுகிறவர்.
செருப்பு ஒரு ஜோடி, காலுறை வேறு வேறு ஜோடி.
"நடுராத்திரியில் எதை உருட்டுகிறீர்கள்?"
"நான் தூங்குகிறேன்" என்றேன்.
வண்டியை அடுப்போரம் நிறுத்தி
தடுப்பை எடுத்துக் காட்டினேன்.

அது யோசித்தது.
பிறகு, உப்பு ஜாடியும் உருளைக்கிழங்குக் கூடையுமாக,
யாரும் தொடாமல்,
ஜன்னலை நோக்கிக் கிளம்பியது.
சுவரில் மெல்ல இடித்து நின்றது.

ஆர்வோ வெகுநேரம் பேசவில்லை.
"தரை சரிகிறதா?"
"வீடே சரிகிறது."
"என் மேசையில் முட்டை நிற்காது" என்றார்.
"பென்சில் நிற்காது. ஒன்பது வருஷமாய்
என் கைதான் நடுங்குகிறதென்று நினைத்திருந்தேன்.
டெப்போவில் யாரிடமும் சொல்லவில்லை."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி,
விரல்களை விரித்து,
பிர்ச் பலகைக்கு மேலே காற்றில் வைத்துப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
விரல் ஒன்றுகூட அசையவில்லை.

அவர் படியிறங்கிப் போனபின்
தடுப்பை மிதித்துப் பூட்டினேன்.
மாதம் பிறந்து மூன்று நாள் ஆகிவிட்டது.
புட்டியை வெந்நீரில் நிறுத்திவிட்டு
பழைய பனியனைத் தேடப் போனேன்.